கம்ப்யூட்டர் கிளாஸ் அசைன்மென்ட்: ஸ்லைடு, வாழ்த்து அட்டை தவிர வேற என்ன குடுக்கலாம்?

#1 கரும்பலகை2

வணக்கம் எல்லாருக்கும். ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் கம்ப்யூட்டர் எடுக்குறேன், இந்த வருஷம்தான் சேந்தேன். எனக்கு முன்னாடி இருந்தவர் அசைன்மென்ட் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு விட்டுட்டுப் போயிருக்கார். 'எனக்குப் பிடித்த விலங்கு' பத்து ஸ்லைடு. வாழ்த்து அட்டை, வேர்ட்ஆர்ட் கட்டாயம். ஒரு பத்தியைப் பாத்து டைப் அடிச்சு முதல் வரி போல்டு, ரெண்டாவது வரி இட்டாலிக், மூணாவது வரி சிவப்பு. எக்செல்ல அஞ்சு பேரோட மார்க்கைப் போட்டு டோட்டல், ஆவரேஜ், ஒரு பை சார்ட். நாலு வகுப்புக்கும் கொஞ்சம் கூட்டிக் கொறைச்சு இதேதான்.

பசங்க முடிக்கிறாங்க, மார்க்கும் வாங்குறாங்க. ஆனா எல்லா ஃபைலையும் தொறந்தா ஒரே ஃபைல் மாதிரி இருக்கு, சிலது நெஜமாவே ஒரே ஃபைல்தான், பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. நல்லா செஞ்ச ஒரு பையன்கிட்ட 'எங்கடா சேவ் பண்ணே'ன்னு கேட்டா 'வேர்டுல சார்'ங்குறான். ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு அவனுக்குத் தெரியவே இல்ல.

சிலபஸ் இருக்கு, அதுல வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், இன்டர்நெட்னு தலைப்பு மட்டும்தான். உள்ள என்ன குடுக்கணும்ங்கிறது என் கைலதான். நீங்க எல்லாம் என்ன குடுக்குறீங்க, எது வேலைக்கு ஆச்சு?

#2 பழைய_கீபோர்டு

வாங்க தம்பி. ரொம்ப வருஷமா இந்த லேப்லதான் குடித்தனம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நீங்க சொன்ன லிஸ்ட்ல எல்லாமே 'பாத்து அப்படியே செய்' வகை. கடைசியா என்ன வரணும்னு முன்னாடியே தெரியும், அது வந்துட்டா மார்க். அந்த மாதிரி அசைன்மென்ட்ல பையன் என்ன கத்துக்கிட்டான்னு யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

நான் ஒண்ணே ஒண்ணுதான் பாப்பேன். அவன் குடுத்த ஃபைல்ல ஒரு நம்பரை, ஒரு வரியை, ஒரு தலைப்பை நான் மாத்துவேன். மீதி எல்லாம் தானா சரியாகுதா? எக்செல்னா ஒரு மார்க்கை 40ல இருந்து 90 ஆக்குவேன், டோட்டல் நகரணும். கால்குலேட்டர்ல போட்டு 312ன்னு கையால அடிச்சு வெச்சிருந்தா நகராது (எவ்ளோ பேர் அப்படி செய்றாங்கன்னு பாத்தா நீங்க அசந்துடுவீங்க). வேர்ட்னா நடுவுல ஒரு பத்தி சேப்பேன். புதுப் பக்கம் வரணும்னு என்டரைத் தட்டித் தட்டியே கீழ போயிருந்தா அந்த இடத்துல எல்லாம் சரிஞ்சு அடுத்த தலைப்பு பக்கத்து நடுவுல போய் உக்காரும். கன்ட்ரோல் என்டர் அடிச்சு பேஜ் பிரேக் போட்டிருந்தா அசையாது.

வேர்டுல கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 அடிச்சுப் பாருங்க, பத்திக் குறி, ஸ்பேஸ் புள்ளி, டேப் அம்புக்குறி எல்லாம் திரையில தெரியும். பசங்களோட ஃபைலை அப்படித் தொறந்தீங்கன்னா, தலைப்பை நடுவுல கொண்டுவர ஸ்பேஸ் பாரை எத்தனை தட்டு தட்டியிருக்காங்கன்னு புள்ளி புள்ளியா நிக்கும். மேல இருந்து பாத்தா அழகான ஃபைல், உள்ள இவ்ளோதான்.

அதனால 'என்ன செய்யணும்'னு கேக்காதீங்க, 'மாத்தினா என்ன ஆகும்'னு கேளுங்க. எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் இந்தக் கேள்வி செல்லும்.

#3 ஃபைல்கேபினட்

நான் டீச்சர் இல்ல, ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்குற ஆளு. மேல அண்ணா சொன்னதுக்கு ஒரு கும்பிடு.

எங்ககிட்ட வர்றவங்க எல்லாருக்கும் ரெஸ்யூம்ல 'எம்எஸ் ஆபீஸ் தெரியும்'னு இருக்கும். தெரியாம வர்றது என்னன்னா, ஜிப் ஃபைலை எக்ஸ்ட்ராக்ட் பண்ணாமலேயே உள்ளயே தொறந்து எடிட் பண்ணிட்டு, சேவ் ஆகலன்னு வந்து நிக்கிறது. மெயில்ல வந்த அட்டாச்மென்டை நேரா தொறந்து ரெண்டு மணி நேரம் வேலை செஞ்சுட்டு, அது எங்க போச்சுன்னு தேடுறது. பென்டிரைவ்ல அழிச்சது ரீசைக்கிள் பின்ல இருக்கும்னு நம்புறது, அங்க வராதுங்க, பென்டிரைவ்ல டெலீட் பண்ணா பொதுவா நேரா போயிடும்.

அந்தப் பையன் 'வேர்டுல' சேவ் பண்ணேன்னு சொன்னதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. ஃபோன்ல அவன் பாத்தது அப்படித்தான், போட்டோ கேலரில இருக்கும், பாட்டு பாட்டு ஆப்ல இருக்கும். ஃபோல்டர்னு ஒண்ணை அவன் தொட்டதே இல்ல. அதனால முதல் மாசம் ஃபைல் மட்டுமே குடுங்க. ஒரு கலைஞ்ச ஃபோல்டர், அறுபது எழுபது ஃபைல், பேர் எல்லாம் கண்டமேனிக்கு. இதை அடுக்கு, நாளைக்கு உன் பக்கத்து பெஞ்ச் ஆள் வந்து நான் கேக்குற ஃபைலை உன்கிட்ட கேக்காம அரை நிமிஷத்துல எடுக்கணும். அவ்ளோதான் அசைன்மென்ட். எடுத்துக் குடுக்குறவனுக்கு மார்க் இல்ல, அடுக்கினவனுக்குத்தான் மார்க்.

ஃபைல் பேர்ல தேதி போடணும்னா வருஷம், மாசம், நாள்னு போடச் சொல்லுங்க, 2024-03-09 மாதிரி. பேர் வரிசைப்படி அடுக்கினாலே தேதி வரிசையும் தானா வந்துடும். ஐஎஸ்ஓ 8601னு 1988லயே இதுக்கு ஸ்டாண்டர்டு வந்தாச்சு.

#4 தாழ்வாரம்

ஒரு பெத்தவளா சொல்றேன். இப்ப இருக்குற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கணுமா? என் பொண்ணு எனக்கே ஃபோன்ல செட்டிங்ஸ் மாத்தித் தர்றா. ஃபோல்டர் அடுக்குறதை எல்லாம் ஒரு மாசம் பண்ணா வீட்ல 'என்ன படிச்சே'ன்னு கேக்குறப்ப என்ன சொல்லுவா. டைப்பிங் சொல்லிக் குடுங்க, அதுதான் எங்க போனாலும் சோறு போடும். இன்னொண்ணு, எங்க வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது, வீட்டுப்பாடம்னு குடுத்தா ஃபோன்லதான் செய்யணும், அதையும் மனசுல வெச்சுக்கங்க.

#5 பழைய_கீபோர்டு

//இப்ப இருக்குற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கணுமா?//

அம்மா, இந்த நம்பிக்கைக்கு ஒரு பேரே இருக்கு, டிஜிட்டல் நேட்டிவ், 2001ல மார்க் பிரென்ஸ்கின்னு ஒருத்தர் எழுதிப் பரவினது. பொறந்ததுல இருந்தே கருவியோட வளர்றதால தானா வந்துடும்னு. ஆனா எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களை கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு வேலை குடுத்துப் பாக்குற ஐசிஐஎல்எஸ்னு ஒரு சர்வதேச ஆய்வு இருக்கு, 2013ல தொடங்கினது. 2018 சுற்றுல மேல்மட்ட நிலைக்கு வந்தவங்க 2 சதவீதம்தான். கையில கருவி குடுத்துட்டா திறமை வந்துடாதுன்னுதான் அவங்களும் சொன்னாங்க. உங்க பொண்ணு கெட்டிக்காரிதான், சந்தேகமே இல்ல. செட்டிங்ஸ் மாத்துறது வேற, வந்த தகவல் சரியான்னு பாக்குறது வேற.

வீட்ல கம்ப்யூட்டர் இல்லங்கிறது நியாயமான விஷயம். நான் மெஷின்ல செய்ய வேண்டியதை லேப் நேரத்துலயே முடிச்சுடுவேன். வீட்டுக்குப் போறது பேப்பர் வேலை மட்டும். ஒரு சின்ன டேபிளை பிரின்ட் எடுத்துக் குடுத்து 'இந்த செல்ல 7 போட்டா எந்தெந்த செல் மாறும், என்ன வரும்'னு எழுதிட்டு வா, நாளைக்கு லேப்ல அடிச்சுப் பாப்போம். ஃபோன்கூட தேவையில்ல.

#6 செமிகோலன்

டைப்பிங்குக்கு ஒரு வருஷம் எல்லாம் வேண்டாம் மேடம். எஃப், ஜே கீ மேல சின்ன மேடு இருக்கு, ஆள்காட்டி விரல் அங்க, கண்ணு திரையில, கிளாஸ் ஆரம்பிக்கும்போது தினம் கொஞ்ச நேரம், போதும். 2016ல ஃபின்லாந்துல ஆல்டோ யூனிவர்சிட்டில ஆராய்ஞ்சாங்க, பத்து விரல் முறைப்படி கத்துக்காம தானா பழகினவங்கள்ல சிலர் முறையா கத்துக்கிட்டவங்க அளவுக்கே வேகமா அடிச்சாங்க. எந்த எழுத்துக்கு எந்த விரல்னு மாறாம பழகி இருந்தாங்களாம், கையை ரொம்ப அலைய விடல. வேகத்துக்கு மார்க் போடாதீங்க டீச்சர், பாவம் மெதுவா அடிக்கிற பிள்ளைங்க கம்ப்யூட்டரே வேணாம்னு ஓடிடும்.

நான் சொல்ல வந்தது வேற. வேர்டு எக்செல் எல்லாம் எதுக்கு ஸ்கூல்ல? அது மெனு மனப்பாடம். ஆறாவதுல ஸ்க்ராட்ச், எட்டாவதுல பைதான்னு ப்ரோக்ராமிங் மொழிகளுக்குப் போங்க. 1967லயே லோகோங்கிற மொழியை எழுதி சின்னப் பிள்ளைங்களுக்கு ப்ரோக்ராமிங் சொல்லிக் குடுத்திருக்காங்க, ஸ்க்ராட்ச் 2007ல வந்தாச்சு, நாம இன்னும் வேர்ட்ஆர்ட்ல நிக்கிறோம்.

#7 செல்_ஏ1

//வேர்டு எக்செல் எல்லாம் எதுக்கு ஸ்கூல்ல? அது மெனு மனப்பாடம்//

இதுக்கு வந்துதான் ஆகணும். எக்செல்ங்கிறது உலகத்துல அதிகம் பேர் எழுதுற ப்ரோக்ராம் தம்பி, எழுதுறோம்னு தெரியாமலே எழுதுறாங்க. டெஸ்ட் பண்ணாமலும் எழுதுறாங்க, அதான் பிரச்னை. 1979ல டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க்னு எக்செல் மாதிரி ஒரு சாஃப்ட்வேரைக் கொண்டு வந்ததே ஒரு நம்பரை மாத்தினா மீதி எல்லாம் தானா மாறணும்னுதான். அஞ்சு பேர் மார்க், ஒரு பை சார்ட்னு குடுத்தா அது மெனு மனப்பாடம்தான், ஒத்துக்குறேன். தப்பு அசைன்மென்ட்ல இருக்கு, எக்செல்ல இல்ல.

நான் குடுக்குறதை அப்படியே சொல்றேன். ஒரு லைப்ரரி ரெஜிஸ்டர், நாப்பது வரி. புக் பேர், எடுத்தவர், எடுத்த தேதி, திருப்பின தேதி, பக்க எண்ணிக்கை. கேள்வி ரெண்டே ரெண்டு, மொத்தம் எத்தனை பக்கம், யார் அதிகமா புக் எடுத்தாங்க. ஆனா ரெஜிஸ்டரை நான் முன்னாடியே கெடுத்து வெச்சிருப்பேன்.

மூணு நாலு இடத்துல பக்க எண் டெக்ஸ்டா இருக்கும், பாத்தா நம்பர் மாதிரிதான். ஒரே அடையாளம், நம்பர் வலது ஓரமா ஒட்டி நிக்கும், டெக்ஸ்ட் இடது ஓரமா நிக்கும். =சம்(இ2:இ41)னு போட்டா எரர் வராது. சம் அந்த டெக்ஸ்டை எல்லாம் சத்தமே போடாம விட்டுட்டு மிச்சத்தைக் கூட்டிக் குடுத்துடும், பதில் கம்மியா வரும், பையன் எழுதிட்டுப் போயிடுவான். இதுல வேடிக்கை என்னன்னா அதே செல்லை =இ2+இ3ன்னு ப்ளஸ் போட்டுக் கூட்டினா எக்செல் அதை நம்பரா எடுத்துக்கும்! ஒரே டேட்டா, ரெண்டு வழி, ரெண்டு பதில். இதை போர்டுல போட்டுட்டு நான் பேசாம உக்காந்துடுவேன், கிளாஸே சண்டை போட்டுக்கும்.

ஒரு இடத்துல சைபருக்கு பதிலா இங்கிலீஷ் ஓ எழுத்து. ஒரு பேருக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ், அதனால ஒரே பொண்ணு ரெண்டு ஆளா எண்ணப்படுவா. தேதி ஒண்ணு 05/06, அது மே ஆறா ஜூன் அஞ்சான்னு அந்த கம்ப்யூட்டரோட செட்டிங்கைப் பொறுத்தது. கடைசியா ஒரு வரியில எடுத்த தேதிக்கு முன்னாடியே திருப்பின தேதி. இதுக்கு சரியான பதில் கிடையாது. யாரும் யூகிச்சுத் திருத்தக் கூடாது, மஞ்சள் அடிச்சு 'லைப்ரரில கேக்கணும்'னு எழுதணும். அதை எழுதின பிள்ளைக்குத்தான் நான் முழு மார்க் போடுவேன், தைரியமா ஒரு தேதியைப் போட்டு மூடினவனுக்கு இல்ல.

பக்கத்துல ஒரு ஷீட் இருக்கும், என்ன பாத்தே, என்ன செஞ்சே, ஏன். அந்த ஷீட்டைத்தான் நான் படிக்கிறேன். டோட்டல் எனக்கு எதுக்கு, நான்தானே ரெஜிஸ்டரையே கெடுத்தேன்.

#8 கரும்பலகை2

அண்ணா இது செம. ஆனா ஏழாவது பிள்ளைங்க 'இது எதுக்கு சார்'னு கேப்பாங்களே, லைப்ரரில பக்கம் கம்மியானா என்ன ஆயிடப்போகுதுன்னு.

#9 செல்_ஏ1

அதுக்கு மூணு கதை வெச்சிருக்கேன், மூணும் நடந்தது.

2020ல கொரோனா சமயத்துல இங்கிலாந்துல, லேப்ல இருந்து வந்த டெஸ்ட் ரிசல்ட்டை பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்ல ஏத்திட்டு இருந்தாங்க. அந்த ஃபார்மேட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான். அதுக்கு மேல வந்தது விழுந்துடுச்சு, 15,841 கேஸ் கணக்குல ஏறவே இல்ல. அந்த ஆளுங்களோட பழகினவங்களைத் தேடிச் சொல்றதும் தாமதமாச்சு. இப்ப இருக்குற எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ல 10,48,576 வரி, பிள்ளைங்களை கன்ட்ரோல் கீழ்அம்பு அடிச்சு அடி வரைக்கும் போய்ப் பாக்கச் சொல்லுங்க, குஷியாயிடுவாங்க.

ரெண்டாவது, மார்ச்1, செப்ட்2ன்னு சில ஜீன்களுக்குப் பேர் இருந்துச்சு. எக்செல்ல அடிச்சா தேதியா மாறிடும். ஆராய்ச்சிக் கட்டுரை கட்டுரையா இந்தத் தப்பு ஏறி, கடைசில 2020ல ஜீனுக்குப் பேர் வைக்கிற கமிட்டி ஜீனோட பேரையே மாத்திட்டாங்க.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள் 2010ல நாடுகளோட கடன் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க, பல நாட்டு அரசியல்வாதிங்க அதைக் காட்டிப் பேசினாங்க. தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு ஸ்டூடன்ட், காலேஜ் அசைன்மென்ட்டுக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாத்தான், ஒத்து வரல. ஷீட்டை வாங்கிப் பாத்தா ஆவரேஜ் ஃபார்முலா 30வது வரியில இருந்து 49 வரைக்கும் போக வேண்டியது 44லயே நின்னுடுச்சு, அஞ்சு நாடு விட்டுப் போச்சு. 2013ல வெளிய வந்துச்சு. கட்டுரையில வேற விமர்சனமும் இருந்துச்சு, எல்லாத்துக்கும் அந்த அஞ்சு வரியே காரணம் இல்ல, அதையும் பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன். ஆனா கண்டுபிடிச்சது ஒரு அசைன்மென்ட்ங்க!

#10 ஒன்பதாம்_பெஞ்ச்

நான் ஸ்டூடன்ட், இங்க பேசலாமா தெரியல. எங்களுக்கு ஸ்லைடு அசைன்மென்ட் குடுத்தா என்ன செய்வோம்னு சொல்றேன், கோச்சுக்காதீங்க. விக்கிபீடியால இருந்து காப்பி, ஸ்லைடுல பேஸ்ட், எழுத்து சின்னதா ஆயிடும், அனிமேஷன் போடுவோம், எல்லா எழுத்தும் சுத்திச் சுத்தி வரும், அப்புறம் முன்னாடி நின்னு ஸ்லைடைப் பாத்துப் படிப்போம். கேக்குறவங்களும் படிக்கிறாங்க நாங்களும் படிக்கிறோம். இதுல மார்க் எதுக்குன்னா பத்து ஸ்லைடு இருக்கா, படம் இருக்கா, நன்றி ஸ்லைடு இருக்கா. எங்களுக்கே தெரியும் இது வேலை இல்லன்னு.

#11 ஃபைல்கேபினட்

தம்பி நீ பேசாம யாருப்பா பேசுறது. ஆபீஸ்லயும் இதேதான் நடக்குது, வயசுதான் வித்தியாசம்.

#12 பழைய_கீபோர்டு

ஸ்லைடை லேசா எடுத்துக்க வேண்டாம். 2003ல கொலம்பியா விண்கலம் சிதறிப் போச்சே, அந்த விசாரணைக் குழு அறிக்கையில பவர்பாயிண்ட் பத்தியே ஒரு பகுதி இருக்கு. கிளம்பும்போது நுரைத்துண்டு ஒண்ணு இறக்கையில அடிச்சது ஆபத்தான்னு இன்ஜினியருங்க ஸ்லைடுல சொன்னாங்க. டெஸ்ட் பண்ணின துண்டை விட நிஜத் துண்டு பல நூறு மடங்கு பெருசுங்கிற முக்கியமான சங்கதி அடியில சின்ன எழுத்துல கிடந்துச்சு, மேல தலைப்பு தைரியம் சொல்ற மாதிரி. அதைப் படிச்ச மேலதிகாரிக்கு இது உயிர்ப் பிரச்னைன்னு புரியாமப் போனதுல ஆச்சரியம் இல்லன்னு அந்தக் குழுவே எழுதிச்சு.

அந்த மாதிரி புள்ளி புள்ளியா நெருக்கி எழுதின ஒரு ஸ்லைடை நானே தயார் பண்ணிக் குடுப்பேன். இதுல மிக முக்கியமான வரி எது, அதை மட்டும் தலைப்பா வெச்சுத் திரும்பச் செய். ஒரே ஒரு ஸ்லைடு, படம் வேண்டாம், சுத்துற எழுத்து வேண்டவே வேண்டாம். பத்து ஸ்லைடு செய்றதை விட இதுக்கு நேரம் அதிகமாகும், பாத்துக்கங்க.

#13 செமிகோலன்

சரி, எக்செல் விஷயத்துல கொஞ்சம் இறங்கி வர்றேன் :) ஆனா ப்ரோக்ராமிங்கை விடக்கூடாது. அங்கயும் இதே நோய்தான், 'பூனை நடக்கணும்'னு ஸ்டெப் ஸ்டெப்பா எழுதிக் குடுத்து எல்லார் பூனையும் ஒரே மாதிரி நடக்கும். அதுக்கு பதிலா ஓடுற ஒரு ப்ரோக்ராமை காட்டி, ஓட்டுறதுக்கு முன்னாடி என்ன ஆகும்னு எழுதச் சொல்லலாம், அப்புறம் ஓட்டு, தோண்டிப் பாரு, ஒரு இடத்தை மாத்து, கடைசியாத்தான் சொந்தமா செய். சூ சென்டன்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதை ப்ரிம்னு ஒரு முறையாவே வெச்சிருக்காங்க. உடைஞ்ச ப்ரோக்ராமைக் குடுத்து ரிப்பேர் பண்ணச் சொல்றதும் ரொம்ப நல்லா எடுக்கும்.

ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர்னா ஒருத்தர் கை, ஒருத்தர் வாய். கீபோர்டு வெச்சிருக்குறவர் தானா எதையும் அடிக்கக் கூடாது, பக்கத்துல இருக்குறவர் சொன்னா மட்டும்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மாத்திக்கணும். இல்லன்னா தெரிஞ்சவனே அடிச்சு முடிச்சுடுவான்.

#14 தாழ்வாரம்

எல்லாம் சரி, இப்ப ஏஐகிட்ட கேட்டா ஃபார்முலா, கட்டுரை, ப்ரோக்ராம் எல்லாம் கையில குடுத்துடுதே. நீங்க என்ன கேட்டாலும் அதுகிட்ட கேட்டு எழுதிட்டா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

#15 பழைய_கீபோர்டு

கண்டுபிடிக்கிற வேலையில எனக்கு ஆர்வம் போயிடுச்சும்மா. கூகுள் டாக்ஸ்ல வெர்ஷன் ஹிஸ்டரி தொறந்தா பாதிக் கட்டுரை ஒரே நொடியில வந்து உக்காந்தது தெரியும்தான், ஆனா அவன் நோட்டுல எழுதி டைப் அடிச்சு வேற ஃபைல்ல இருந்து ஒட்டியிருந்தாலும் அதே மாதிரிதான் தெரியும். போலீஸ் வேலை நமக்கு ஒத்துவராது.

நான் முன்னாடியே கேக்கச் சொல்லிடுவேன். 'கிளாஸ் ஆவரேஜ் கண்டுபிடிக்க ஃபார்முலா குடு'ன்னு ஏஐகிட்ட கேளு, வந்ததைப் போடு. இப்ப பரீட்சைக்கு வராத பையனோட செல்லைக் காலியா விட்டுப் பாரு, அப்புறம் அதுல 0 போட்டுப் பாரு. ஆவரேஜ் ஃபங்ஷன் காலி செல்லை எண்ணாது, சைபரை எண்ணும். ரெண்டு ஆவரேஜும் வேற. எது நியாயம்? லீவு எடுத்தவன் சைபர் வாங்கினவனா? இதை ஏஐ முடிவு பண்ணக் கூடாது, எக்செல்லும் பண்ணக் கூடாது, கிளாஸ்தான் பண்ணணும். எழுதிக் குடுத்ததுக்குப் பாதி மார்க், பக்கத்துல உக்காந்து ரெண்டு நிமிஷம் பேசினதுக்குப் பாதி. 'இந்த செல்லை நான் அழிக்கப் போறேன், எது உடையும் சொல்லு', அவ்ளோதான் வைவா. யார்கிட்ட கேட்டு எழுதினாலும் இதுல தப்ப முடியாது, தெரிஞ்சுக்கிட்டு வந்தா எனக்கு சந்தோஷம்தானே.

#16 ஃபைல்கேபினட்

இன்டர்நெட் தலைப்புக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே. லிங்க் படிக்கச் சொல்லிக் குடுங்க. முகவரியில வர்ற முதல் ஒத்தை சாய்கோடு வரைக்கும் பாத்து, அங்க இருந்து இடது பக்கமா திரும்பிப் படிக்கணும், அங்க இருக்குறதுதான் நிஜமான சொந்தக்காரர் பேர். முன்னாடி எவ்ளோ பெரிய பேங்க் பேர் ஒட்டியிருந்தாலும் அது வெறும் ஒப்பனை. பேப்பர்ல பத்து லிங்க் பிரின்ட் பண்ணி, சொந்தக்காரரை வட்டம் போடச் சொல்லலாம்.

பாஸ்வேர்டு பாடம்னா தயவுசெஞ்சு பிள்ளைங்களோட நிஜ பாஸ்வேர்டை நோட்டுல எழுத வைக்காதீங்க, பாத்திருக்கேன் அந்தக் கொடுமையை. மாசாமாசம் மாத்தணும்னும் சொல்லிக் குடுக்காதீங்க. அமெரிக்காவோட ஸ்டாண்டர்டு அமைப்பான என்ஐஎஸ்டி 2017லயே சும்மா கால அவகாசம் வெச்சு மாத்த வைக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு, நீளமா இருக்கணும், ஏற்கனவே கசிஞ்ச லிஸ்ட்ல இருக்கக் கூடாது, அதான் முக்கியம்.

#17 கரும்பலகை2

எல்லாருக்கும் நன்றி. ஏழாவதுக்கு முதல் அசைன்மென்ட் இப்படி எழுதியிருக்கேன், கிழிச்சுப் போடுங்க:

"இந்த ரெஜிஸ்டரில் 6 தவறுகள் உள்ளன. அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்துக. மொத்தப் பக்கங்கள் எத்தனை? நீ செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டாவது ஷீட்டில் எழுதுக."

கூடவே ஒரு தேதி விளையாட்டும் வெச்சிருக்கேன், எங்கயோ படிச்சது. ஒரு செல்ல 60ன்னு அடிச்சு ஃபார்மேட்டை தேதியா மாத்தணும், எக்செல்ல 1900 ஃபிப்ரவரி 29 வருது. கூகுள் ஷீட்ஸ்ல ஃபிப்ரவரி 28 வருது. இது ஏன்னு வீட்ல யோசிச்சுட்டு வரச் சொல்லலாமா?

#18 செல்_ஏ1

தேதி விளையாட்டு அருமை, கண்டிப்பா வைங்க. 1900 லீப் வருஷமே கிடையாது, 100ஆல வகுபடும் ஆனா 400ஆல வகுபடாது. எக்செல் மாதிரியே அந்தக் காலத்துல இருந்த லோட்டஸ் 1-2-3ங்கிற சாஃப்ட்வேர்ல லீப்னு வெச்சிருந்தாங்க, அதுல செஞ்ச ஃபைல் எல்லாம் இங்கயும் ஒத்துப் போகணும்னு எக்செல் தெரிஞ்சே அதை எடுத்துக்கிச்சு, இன்னிக்கு வரைக்கும் மாத்தல. 61 போட்டா ரெண்டுலயும் மார்ச் 1 வரும், அதையும் சேத்துக் குடுங்க. ஆனா வீட்டுக்கு அனுப்பாதீங்க, லேப்லயே கேளுங்க, ரெண்டு சாஃப்ட்வேரும் பக்கத்துல பக்கத்துல தொறந்திருந்தாத்தான் சுவாரஸ்யம்.

அசைன்மென்ட்ல 6 தவறுன்னு எண்ணிக்கை சொல்லாதீங்க. ஆறு கிடைச்சதும் நிறுத்திடுவாங்க, ஏழாவதா நிஜமாவே ஒண்ணு இருந்தாலும் பாக்க மாட்டாங்க. 'திருத்துக'ன்னும் போடாதீங்க, அந்தத் தேதி வரியைத் திருத்தக் கூடாதே.

ஆளாளுக்கு வேற டேட்டா வேணும்னா தானா ஏதோ ஒரு நம்பரைக் குடுக்குற ரேண்ட்பிட்வீன் ஃபார்முலா போட்டு பக்க எண்ணை உருவாக்குங்க, ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி காப்பி பண்ணி பேஸ்ட் வேல்யூஸ் போட்டுடுங்க. இல்லன்னா ஷீட்ல எதைத் தொட்டாலும் எல்லா நம்பரும் மாறிட்டே இருக்கும், பிள்ளைங்க பைத்தியமாயிடும்.

#19 பழைய_கீபோர்டு

மார்க் பிரிக்கிறதையும் அசைன்மென்ட்லயே எழுதிடுங்க தம்பி, ரெண்டாவது ஷீட்டுக்குப் பெரும்பங்கு, டோட்டலுக்குக் கொஞ்சம். எதுக்கு மார்க்னு தெரியாத வரைக்கும் பிள்ளைங்க கலர் அடிச்சுட்டுத்தான் இருக்கும்.

#20 கரும்பலகை2

மாத்திட்டேன். எண்ணிக்கையை எடுத்தாச்சு, 'கண்டதை எழுது, திருத்த முடிஞ்சதைத் திருத்து, முடியாததை யார்கிட்ட கேக்கணும்னு எழுது'ன்னு போட்டிருக்கேன். விடை எல்லாம் அதே ஃபைல்ல ஒரு ஷீட்ல போட்டு ஹைட் பண்ணி வெச்சுட்டா எனக்குத் திருத்த ஈஸியா இருக்கும்னு நினைக்கிறேன்.

#21 ஒன்பதாம்_பெஞ்ச்

சார் வேண்டாம். ஷீட் பேர் மேல ரைட் கிளிக் பண்ணா அன்ஹைட் வரும். நாங்க தொறந்ததும் முதல்ல பாக்குறதே அதைத்தான்.